சம்பந்தியம்மா ஏறிய மலை

சித்திரை மாதத்தில்தான் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே சமயத்தில் கொஞ்சம் மூச்சு விட முடியும். வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வயலில் உளுந்து எடுத்து முடித்திருப்போம். சம்பந்தி வீட்டார் பூம்புகாருக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்துக்காரர்கள். அங்கே மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் என் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள்.

"அம்மா, இந்த சனி ஞாயிறு குடகு போறோம். காவேரி பொறக்குற எடம். நீயும் அத்தையும் வர்றீங்க. டென்ட்ல தங்குறோம்."

அத்தை என்று அவள் சொன்னது தன் மாமியாரை.

"டென்ட்டுன்னா? கூடாரமா?"

"ஆமாம்மா. ஆத்தங்கரையில போட்டுக் குடுப்பாங்க. பாத்ரூம் எல்லாம் தனியா இருக்கு, பயப்படாத."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொந்த வீட்ட வெச்சிக்கிட்டு எதுக்குக் கூடாரத்துல படுக்கணும்?" என்றார். பிறகு, "எனக்குப் பருத்திக்குத் தண்ணி பாய்ச்சணும். நீ போயிட்டு வா" என்றார். அந்தப் பக்கம் சம்பந்தியும் படகுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை இருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக, சம்பந்தியம்மாவும் நானும்தான்.

எனக்கு மலையைவிட அதுதான் யோசனையாக இருந்தது. பிள்ளைகள் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். எங்களுக்குள் அதற்கு முன்னால் எந்த உறவும் கிடையாது, பழக்கமும் கிடையாது. நிச்சயதார்த்தத்தில் பார்த்தோம், கல்யாணத்தில் பார்த்தோம், அப்புறம் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது பார்த்தோம். மூன்று தடவையும் நாங்கள் பேசிக்கொண்டது "வாங்க", "சாப்டீங்களா", "அப்ப வரட்டுங்களா" மட்டும்தான். அவருடன் இரண்டு நாள் ஒரே கூடாரத்தில் என்ன பேசுவது?

மைசூர் ரயில் மயிலாடுதுறையில் கிளம்பி கும்பகோணம் வழியாக வரும். அவர் அங்கேயே ஏறியிருந்தார். நான் கும்பகோணத்தில் ஏறியபோது, ஜன்னலோர இடத்தில் ஒரு துண்டைப் போட்டு எனக்காகப் பிடித்து வைத்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. இப்படி ஒக்காருங்க. காத்து வரும்."

நல்ல உயரம் அவர். கறுத்த, அகலமான முகம். பேசினால் பெட்டி முழுக்கக் கேட்கும். கரையில் மீனை ஏலம் எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாகக் கூவி விற்ற குரல் அது. திருச்சி தாண்டியதும் பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்தார்.

"இது எறா தொக்கு. இன்னிக்கி வெள்ளிக்கிழம, நீங்க தொடுவீங்களோ என்னமோன்னு தெரியல. அதான் ஒங்களுக்குத் தனியா தக்காளி சோறு கிண்டியாந்தேன். தொக்க நாளைக்குத் தொறந்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை நான் கவிச்சி சாப்பிடமாட்டேன்தான். அதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் அன்று தக்காளி சோறுதான் சாப்பிட்டார். நான் கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றைப் பாதி வாங்கிக்கொண்டு, "புளிப்பு தூக்கலா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். சாப்பிட்டதும் மேல் பெர்த்தை நிமிர்ந்து பார்த்து, டிக்கெட் பரிசோதகரிடம் போய்ப் பேசி, கீழ் பெர்த்துக்கு மாற்றிக்கொண்டு வந்தார். அதன் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

மைசூரில் மகளும் மாப்பிள்ளையும் காருடன் காத்திருந்தார்கள். அங்கிருந்து குடகு. கொஞ்ச தூரம் சமவெளி. அதற்கப்புறம் ரோடு வளைய ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் காப்பித் தோட்டம், அதற்குமேல் நிழலுக்கு நிற்கும் பெரிய மரங்கள், மரங்களில் சுற்றிக்கொண்டு ஏறும் மிளகுக்கொடி. எங்கள் ஊரில் ரோட்டிலிருந்து பார்த்தால் வயல், அதற்கு அப்பால் வயல், கடைசியில் ஒரு தென்னை வரிசை. மண் மட்டமாக இருப்பதுதான் இயல்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இங்கே வீடு ஒரு பக்கம் தலைக்கு மேலே இருந்தது, இன்னொரு பக்கம் காலுக்குக் கீழே இருந்தது. நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு வந்தேன்.

சம்பந்தியம்மா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். திடீரென்று, "தம்பி, நிறுத்து, நிறுத்து" என்றார். இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"கடல்ல இருக்குறவங்களுக்கு இந்தத் தலசுத்தல் எல்லாம் வராதுன்னு நெனச்சேன்" என்றேன், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "நீங்க வேற. நான் போட்ல ஏறுனதே இல்லீங்க. எங்கள்ல பொம்பளைங்க ஏறமாட்டோம். கரையோட சரி." பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒசரம்னா பயம் சம்பந்தி. சின்ன வயசுலேருந்தே. இவங்ககிட்ட சொல்லிடாதீங்க. புள்ளைங்க ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கு."

நான் சொல்லவில்லை. ஒருவர் தன் பயத்தை இவ்வளவு நேராகச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. காரில் ஏறியதும் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, பள்ளம் தெரிகிற ஜன்னலை என் தோளால் மறைத்துக்கொண்டேன்.

பாகமண்டலத்துக்குச் சற்று முன்னால் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் இருந்தது நாங்கள் தங்கும் இடம். சரிவின் அடியில் புல்தரை. அதில் இரண்டு கூடாரங்கள். பத்தடி இறங்கினால் ஆறு.

அதை ஆறு என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலே அதைவிட அகலம். முழங்கால் ஆழம்தான். கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்குப் போய்விடலாம். ஆனால் அந்தத் தண்ணீர்! அடியில் கிடக்கிற ஒவ்வொரு கூழாங்கல்லும் கண்ணாடிக்குள் வைத்ததுபோலத் தெரிந்தது. நாங்கள் பார்க்கிற காவிரி வண்டலோடு வரும், டீ நிறத்தில் வரும். அதுவும் அப்போது மேட்டூர் அணையை மூடியிருந்தார்கள். கிளம்பும்போது எங்கள் குடமுருட்டி ஆற்றில் வெறும் மணல்தான். அங்கே சொட்டு இல்லாமல் கிடக்க, இங்கே இது தன்பாட்டுக்குச் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஜில்லென்று எலும்புவரை ஏறியது. சம்பந்தியம்மாவும் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார், குடித்தார், அப்புறம் தலையிலும் ஊற்றிக்கொண்டார்.

"எங்க ஊர்ல மொகத்துவாரத்துக்கிட்ட இதே தண்ணிதான் வருது. வாயில வெச்சா உப்பு கரிக்கும். என்ன சுத்தமா இருக்கு பாருங்களேன்" என்றார்.

தோட்டத்துக்காரம்மா பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் வயதுதான் இருக்கும். குடகுக்காரர். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் தமிழர்கள் என்பதால் அவருக்குத் தமிழ் வரும். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். நான் சொன்னேன். சம்பந்தியம்மா, "காவேரி கடல்ல சேருற எடத்துக்குப் பக்கத்துல" என்றார்.

அந்தம்மா முகம் மாறியது. "நிஜமா? நம்ம காவேரம்மா அங்க வரைக்கும் வருதா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"தெனம் பாக்குறேனே."

"நல்லா இருக்கா?"

ஏதோ கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல இருந்தது அந்தக் கேள்வி. சம்பந்தியம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பொய் சொல்ல மனசில்லை என்பது தெரிந்தது. "கோடையில ரொம்ப மெலிஞ்சி போயிடும்மா. மழ வந்தா எழுந்துக்கும். எப்படியாவது வந்து சேந்துரும்" என்றார். அந்தம்மா தலையாட்டினார். எங்களுக்குக் காப்பி வந்தது. கூடவே தோட்டத்து ஆரஞ்சுப்பழம் ஒரு கூடை வந்தது. பில்லில் அது கடைசிவரை ஏறவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எறா தொக்கைத் திறந்தோம். சனிக்கிழமை எனக்குத் தடை கிடையாது. சுடு சோற்றில் பிசைந்து நான் மூன்றாம் தடவை வாங்கியதை என் மகள் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்றேன் இரு" என்றாள்.

சாயங்காலம் மழை வந்தது. மலையில் மழை வருவதைப் பார்க்கவேண்டும். எதிர்க் குன்றின் உச்சி முதலில் மறைந்தது. பிறகு பாதி. மரங்கள் வரிசை வரிசையாகக் காணாமல் போய், சத்தம் மட்டும் எங்களை நோக்கி ஓடி வந்தது. "உள்ள போங்க, உள்ள போங்க" என்று மாப்பிள்ளை கத்தினார். அவரவர் கூடாரத்துக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டோம்.

உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். படுப்பதற்கு ஆளுக்கொரு பை. அதற்குள் காலை நுழைத்து கழுத்துவரை மூடிக்கொள்ளவேண்டும். சம்பந்தியம்மா அதற்குள் இறங்குவதற்குள் கூடாரமே ஆடியது.

"நம்மளயே சாக்குல போட்டுக் கட்டிட்டாங்க. ஐஸ் போடுறதுதான் பாக்கி" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரும் சிரித்தார். இடி இடித்தது. துணிமேல் மழை அடிக்கிற சத்தத்தில் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசவேண்டியிருந்தது. ஒருவேளை அதனால்தானோ என்னமோ, மெதுவாகக் கேட்கமுடியாத ஒன்றை அவர் கேட்டார்.

"சம்பந்தி, எங்க வீட்ல பொண்ணு குடுத்ததுக்கு ஒங்க சனம் என்ன சொல்லுச்சு?"

மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் மலைப் பாதையில் என்னிடம் மழுப்பவில்லை.

"சொல்லுச்சுதான். எங்க பெரிய மச்சாண்டார் வீட்ல கல்யாணத்துக்கே வரல. இப்பவும் பேச்சு இல்ல."

"எங்கண்ணன் வரல" என்றார் அவர். "கூடப் பொறந்தவன். 'கடல்காரன் வீட்டுக்கு ஒரு வயக்காட்டுப் பொண்ணு எதுக்கு, அதுக்கு மீன் ஆயத் தெரியுமா, வலை காயப்போடத் தெரியுமா'ன்னு கேட்டான். தாய்மாமன் இல்லாம எம்புள்ள மணவறையில நின்னுச்சு. நீங்க மட்டுந்தான் மனசு கஷ்டப்பட்டீங்கன்னு நெனச்சிக்காதீங்க."

அன்றுவரை நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். எதிர்ப்பக்கத்திலும் ஒருவர் வராமல் போயிருப்பார், அதற்காக ஒருத்தி தனியாக உட்கார்ந்து அழுதிருப்பாள் என்பது என் புத்திக்கு எட்டியதே இல்லை.

"ஒங்க பொண்ணு மொத தடவ வந்தப்போ கெளுத்தி முள்ளு குத்தி கை வீங்கிடுச்சு. தெரியுமா?"

"தெரியாதே."

"சொல்லமாட்டா. மறுநாளும் அருவாமனைய எடுத்துக்கிட்டு ஒக்காந்துட்டா. 'விடு பாப்பா'ன்னா கேக்கல. அதப் பாத்துட்டுத்தான் எங்கண்ணன் பொண்டாட்டி எங்க வீட்டுக்கு வரப்போக ஆரம்பிச்சா. அண்ணனும் வந்துடுவான். நான் விடமாட்டேன்."

அவர் சொன்ன விதத்தில், அந்த அண்ணனுக்கு வேறு வழியே இல்லை என்று தோன்றியது. மழை விட்டபின் ஜிப்பைத் திறந்தோம். காடு முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. மண்வாசனையோடு வேறொரு பச்சை வாசனையும் கலந்து வந்தது. தோட்டத்துக்காரம்மா, அது ஏலக்காய்ச் செடி என்றார்.

மறுநாள் காலையில் தலைக்காவிரிக்குப் போனோம். காவிரி பிறக்கிற இடம் ஒரு சின்ன சதுரக் குண்டம், அவ்வளவுதான். கன்னங்கரேலென்று தண்ணீர் அசையாமல் இருந்தது. குருக்கள் பூ வைத்துக் கும்பிடச் சொன்னார். நெல்லும் கரும்பும் வாழையும் வெற்றிலையும் என்று எங்கள் பக்கத்தில் எத்தனை லட்சம் வயிறுகளுக்குப் போடுகிற தண்ணீர் இங்கேதான் முளைக்கிறது என்று நினைத்துக் கைகூப்பினேன். வேண்டிக்கொள்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து குன்றின் உச்சிக்குப் படிகள் போகின்றன. செங்குத்தான படிகள். இரண்டு பக்கமும் புல் சரிவு. பிடித்துக்கொள்ள மரம்கூட இல்லை. மகளும் மாப்பிள்ளையும் கிடுகிடுவென்று ஏறிவிட்டார்கள். சம்பந்தியம்மா முதல் படியில் நின்று மேலே பார்த்தார். உடனே தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க போங்க சம்பந்தி. நான் இங்கயே ஒக்காந்திருக்கேன்."

"நானும் இருக்கேன். போயி என்ன ஆகப்போவுது?"

"எனக்காக நீங்க ஏன் விடுறீங்க? போயி பாத்துட்டு வந்து சொல்லுங்க. நான் நல்லா கேட்டுக்குறேன்."

அரை மனதோடு ஏறினேன். நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி ஏறினேன். கடைசிப் படிகளுக்குக் கொஞ்சம் முன்னால் இளைப்பாற நின்று திரும்பினேன்.

சம்பந்தியம்மா வந்துகொண்டிருந்தார்.

குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு கையை முன்னால் இருக்கிற படியில் ஊன்றி, அந்தக் கையைத் தவிர வேறெதையும் பார்க்காமல், ஒவ்வொரு படியாக. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. சாமி பெயரைச் சொல்கிறார் என்று நினைத்து எதிரே இறங்கிப் போனேன். கிட்டே போனதும் கேட்டது.

"வஞ்சிரம்... வாவல்... சங்கரா... காலா... கெழங்கான்..."

"என்ன சம்பந்தி சொல்றீங்க?"

"பேசாதீங்க, வுட்டுடுவேன். நெத்திலி... சூட... மத்தி... கானாங்கெளுத்தி..."

தெருவில் கூவுகிற அதே ராகத்தில், மூச்சுக்கு ஒரு மீனாகச் சொல்லிக்கொண்டு ஏறினார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. காற்று ஒரு தடவை பலமாக அடித்தபோது அப்படியே படியில் படுத்ததுபோல ஒட்டிக்கொண்டார். நான் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். காற்று நின்றதும், "பாறை... திருக்கை..." என்று மறுபடி கிளம்பினார். ஒரு இடத்தில் நின்று, "மீனெல்லாம் தீந்துபோச்சு" என்றார். அப்புறம் வஞ்சிரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

மேலேயிருந்து மாப்பிள்ளை பார்த்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார். அம்மா ஒரு கையை ஆட்டி அவரைத் தள்ளி நிறுத்தினார். நாங்கள் மூன்று பேரும் ஏறி முடித்தபோது, உச்சியில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கைதட்டியது.

விளிம்பிலிருந்து தள்ளி, நட்டநடுவில் புல்லில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். சுற்றிலும் மலைக்குப் பின்னால் மலை. கிட்டே இருந்தது பச்சை, அடுத்தது கரும்பச்சை, அதற்கப்பால் நீலம், கடைசியில் இருந்தது மேகமா மலையா என்று தெரியவில்லை. எங்கள் காலுக்குக் கீழே ஒரு பருந்து வட்டமடித்தது. பருந்தின் முதுகை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"அம்மாடியோவ்" என்றார் சம்பந்தியம்மா. கையை முகத்திலிருந்து எடுத்துவிட்டார். "கடலு மாதிரியே இருக்கே. அலை எழும்பி அப்படியே நின்னு போன மாதிரி."

மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "எங்கம்மா மாடிப்படிகூட ஏறாது அத்தை. துணி எடுக்கணும்னாகூட என்னைத்தான் அனுப்பும். ஒசரம்னா அவ்ளோ பயம். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவதான் கூப்புட்டுப் பாப்போம்னா." அவர் கண் கலங்கியிருந்தது. ஆக, அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. அம்மா பிள்ளையிடம் மறைத்தார். பிள்ளை தெரியாததுபோலக் காட்டிக்கொண்டார்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கீழ இருக்கேன்னு சொன்னீங்க. அப்புறம் எப்படி ஏறி வந்தீங்க?"

"ஒங்க பொண்ணு மேல நின்னு கையக் காட்டுச்சு. 'அத்த, வாங்க'ன்னு கூப்புடுறது புரிஞ்சுது. சத்தம் கேக்கல. அவ்ளோ தூரத்துலேருந்து கூப்புடுது. வரலன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல." புல்லைத் தடவிக்கொண்டே சொன்னார். "பயம் பயந்தான். அது பாட்டுக்கு அது இருந்துச்சு. நான் பாட்டுக்கு ஏறிட்டேன்."

என் மகள் ஓடிவந்து அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். என் மடி பக்கத்தில்தான் இருந்தது. பொறாமை வந்ததா என்று பிறகு எனக்குள் கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. நல்ல இடத்தில்தான் படுத்திருக்கிறாள் என்று இருந்தது.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். சம்பந்தியம்மா குழந்தைபோல ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். யார் பார்க்கிறார்கள் என்ற கவலை துளி இல்லை. அவருக்குத் துணையாக நானும் அப்படியே உட்கார்ந்து இறங்கினேன். என் நல்ல பட்டுச்சேலை ஒன்று அன்றோடு போயிற்று.

திங்கட்கிழமை பெங்களூரில் ரயிலேறி, செவ்வாய் காலையில் நான் கும்பகோணத்தில் இறங்கினேன். வண்டி கிளம்புகிறவரை அவர் ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "சுறா கெடச்சா குடுத்து விடுறேன், புட்டு பண்ணுங்க" என்று கத்தினார். பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்காரர் வண்டியோடு வந்திருந்தார். பின்னால் உட்கார்ந்து வலங்கைமான் ரோட்டில் வரும்போது, "மலையெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். ரயிலில் சம்பந்தியம்மா இடம் பிடித்து வைத்திருந்தது, வெள்ளிக்கிழமைக்கென்று தனியாகச் சோறு கிண்டி வந்தது, கூடாரத்தில் சாக்கு என்று சொன்னது, வராத அண்ணன், மீன் பெயரைச் சொல்லிக்கொண்டு படி ஏறியது, எல்லாவற்றையும் சொன்னேன். ஊர் எல்லைவரை வந்துவிட்டோம்.

அவர் வண்டியை மெதுவாக்கினார். "நான் மலையத்தானே கேட்டேன்" என்றார்.

"அதத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன்" என்றேன்.